கீமோவில் மாதவிடாய் நின்றால் சினைப்பையும் நின்றுவிட்டதா? ஹார்மோன் பரிசோதனை பற்றி ஒரு கேள்வி

மருதம்

வணக்கம். வயது 42. மார்பகப் புற்றுநோய். ஈஆர் பாசிட்டிவ் (கட்டியில் ஈஸ்ட்ரோஜன் ஒட்டும் ஏற்பி உண்டு), ஹெர்2 நெகட்டிவ் (ஹெர்2 என்ற புரதம் மிகுந்து இல்லை). அறுவை சிகிச்சைக்குப் பிறகு ஏசி என்ற இரு மருந்துக் கீமோ, அப்புறம் பாக்லிடாக்செல் கீமோ. ஏசி நடந்துகொண்டிருந்தபோதே மாதவிடாய் நின்றுவிட்டது, இன்னும் திரும்பவில்லை. இப்போது ஈஸ்ட்ரோஜனின் வேலையைத் தடுக்கும் டமாக்சிஃபென் மாத்திரை எடுக்கிறேன். இரவில் வியர்த்துக் கொட்டுகிறது, தூக்கம் இல்லை, மூட்டெல்லாம் வலி.

மருத்துவர், "மெனோபாஸ் ஆகிவிட்ட மாதிரிதான் தெரிகிறது, லெட்ரோசோலுக்கு மாற்றுவதைப் பற்றி யோசிக்கலாம்" என்று (அது ஈஸ்ட்ரோஜன் உருவாவதையே தடுக்கும் மாத்திரையாம்) சொல்லி ரத்தப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார். ரிப்போர்ட்டில் எஃப்எஸ்எச் (சினைப்பையைத் தூண்டும் ஹார்மோன்) குறைவாகவும் எஸ்ட்ரடையால் (சினைப்பை சுரக்கும் முக்கிய ஈஸ்ட்ரோஜன்) நன்றாக ஏறியும் இருக்கிறது. உடம்பு சொல்வது ஒன்று, காகிதம் சொல்வது இன்னொன்று. கீமோ ஹார்மோனை உண்மையில் என்ன செய்கிறது? இதே குழப்பம் வேறு யாருக்காவது வந்திருக்கிறதா?

கொன்றை

மருதம் அக்கா, எனக்கு 34 வயதில் கீமோ. நடுவில் நின்ற மாதவிடாய், கீமோ முடிந்து ஒரு வருடம் நெருங்கும்போது தானாகத் திரும்பியது. அதுவரை எனக்கும் வியர்வை, எரிச்சல், மறதி எல்லாம் இருந்தன. அறிகுறிகளை வைத்து மட்டும் "முடிந்துவிட்டது" என்று யாரையும் சொல்ல விடாதீர்கள். என்னுடையது ட்ரிப்பிள் நெகட்டிவ், அதாவது ஹார்மோன் ஏற்பிகளும் இல்லை, ஹெர்2வும் இல்லை, அதனால் மாத்திரை மாற்றும் கேள்வி எனக்கு எழவில்லை. உங்களுக்கு அது பெரிய கேள்வி. விவரம் தெரிந்தவர்கள் வரட்டும்.

செவிலி நிலா

புற்றுநோய்ப் பிரிவில் பல வருடங்களாக வேலை பார்க்கிறேன். மருதம் கேட்ட "கீமோ என்ன செய்கிறது" என்பதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்.

சினைப்பையில் கருமுட்டையைச் சுமக்கும் நுண்பைகள், அதாவது ஃபாலிக்கிள்கள், இரண்டு வகை உண்டு. ஒன்று, ஏற்கெனவே வளரத் தொடங்கியவை. இவற்றைச் சுற்றியுள்ள செல்கள்தான் எஸ்ட்ரடையாலையும், இன்ஹிபின், ஏஎம்எச் என்ற ஹார்மோன்களையும் சுரக்கின்றன. இந்தச் செல்கள் வேகமாகப் பிரிபவை என்பதால் கீமோ இவற்றை முதலில் அடிக்கும். மற்றொன்று, பிறக்கும்போதே வந்து உறங்கிக்கொண்டிருக்கும் இருப்பு. பிறக்கும்போது பத்து இருபது லட்சம், பருவமடையும்போது மூன்று நான்கு லட்சம், முப்பத்தேழு முப்பத்தெட்டு வயதில் சுமார் 25,000, மெனோபாஸ் நேரத்தில் ஆயிரம் அளவில் என்று அது குறைந்துகொண்டே வரும்.

நிலத்தில் நின்ற பயிர் மட்டும் அழிந்தால் அடுத்த போகம் உண்டு. விதைநெல்லும் சேர்ந்து போனால்தான் சிக்கல். வளரும் ஃபாலிக்கிள்கள் மட்டும் அழிந்தால் மாதவிடாய் சில மாதங்கள் நின்று திரும்பும். இருப்பே கரைந்துவிட்டால் திரும்பாது. ஏசியில் உள்ள சைக்ளோபாஸ்ஃபமைடு பிரியாமல் உறங்கும் செல்லின் டிஎன்ஏவையும் சேதப்படுத்தும். அதனால்தான் சினைப்பை விஷயத்தில் அதற்குக் கெட்ட பெயர். மொத்தமாக உடம்பில் ஏறிய அளவு கூடக் கூடச் சேதமும் கூடும்.

எஸ்ட்ரடையாலும் இன்ஹிபினும் குறைந்ததும் மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி, "சினைப்பை வேலை செய்யவில்லையே" என்று எஃப்எஸ்எச்சையும் அதன் கூட்டாளி ஹார்மோனான எல்எச்சையும் கூட்டிக்கொண்டே போகும். ஏஎம்எச் கீமோ தொடங்கிய சில வாரங்களிலேயே அளக்க முடியாத அளவுக்கு இறங்கிவிடும். ஆக, கீமோ முடிந்தவுடன் எடுத்தால் பலருக்கும் மெனோபாஸ் ரிப்போர்ட் மாதிரிதான் வரும். அந்த ஒரு ரிப்போர்ட்டை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. ஒரு வருடம், சிலருக்கு இரண்டு வருடம் கழித்துக்கூட சினைப்பை விழித்துக்கொள்கிறது. நாற்பதுக்குக் கீழே இருந்தால் அதற்கான வாய்ப்பு அதிகம், நாற்பத்தைந்தைத் தாண்டினால் குறைவு. 42 என்பது இரண்டும் நடக்கக்கூடிய வயது.

மருதம்

நன்றி நிலா. ஆனால் என்னுடையது தலைகீழாக வந்திருக்கிறதே. எஃப்எஸ்எச் ஏறவில்லை, எஸ்ட்ரடையால்தான் ஏறியிருக்கிறது. அப்படியென்றால் சினைப்பை நன்றாக வேலை செய்கிறது என்றுதானே பொருள்? பிறகு இந்த வியர்வை எங்கிருந்து வருகிறது?

சோதனைக்குழாய்

மருத்துவ ஆய்வகத்தில் வேலை செய்கிறேன். ஒரு கேள்வி. முடி வளர்வதற்கு ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறீர்களா? அதில் பயோட்டின் என்ற வைட்டமின் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள்.

மருதம்

ஆமாம். கீமோவுக்குப் பிறகு முடி மெல்லியதாக வளர்கிறது என்று சாப்பிடுகிறேன். டப்பாவில் பயோட்டின் 10 மில்லிகிராம் என்று போட்டிருக்கிறது. அதற்கும் இதற்கும் என்ன தொடர்பு?

சோதனைக்குழாய்

நேரடித் தொடர்பு. பல ஆய்வகங்களில் ஹார்மோன் அளக்கும் கருவிகள் பயோட்டினும் ஸ்ட்ரெப்டாவிடின் என்ற புரதமும் ஒன்றோடொன்று இறுகப் பிடித்துக்கொள்ளும் தன்மையைப் பயன்படுத்தித்தான் இயங்குகின்றன. ரத்தத்தில் பயோட்டின் மிதமிஞ்சி இருந்தால் அது குறுக்கே புகுந்து கணக்கைக் கெடுத்துவிடும். எஃப்எஸ்எச், எல்எச், தைராய்டைத் தூண்டும் டிஎஸ்எச் போன்றவை உண்மையைவிடக் குறைவாக வரும். எஸ்ட்ரடையால், தைராய்டு சுரக்கும் தைராக்ஸின் போன்றவை உண்மையைவிட அதிகமாக வரும். உங்கள் ரிப்போர்ட் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறதோ அதே பக்கம். எல்லாக் கருவியும் இந்த முறையில் இயங்குவதில்லை, ஆனாலும் இவ்வளவு பயோட்டினோடு வந்த எண்ணை நான் நம்ப மாட்டேன். மாத்திரையை நிறுத்தி, சில நாள் கழித்து மறுபடி ரத்தம் கொடுங்கள். எத்தனை நாள் என்று ஆய்வகத்திடமே கேளுங்கள், அளவைப் பொறுத்து மாறும். தைராய்டும் பார்த்திருந்தால் அதையும் சேர்த்து மறுபடி எடுங்கள். டிஎஸ்எச் குறைந்து தைராக்ஸின் ஏறிய மாதிரி வந்து, இல்லாத தைராய்டு நோய்க்கு வைத்தியம் தொடங்கிவிடும் ஆபத்து உண்டு.

இன்னொரு விஷயம். எஸ்ட்ரடையாலை எதிர்ப்பொருள் கொண்டு அளக்கும் வழக்கமான இம்யூனோஅஸே முறை கருத்தரிக்கும் வயதுப் பெண்ணின் அளவுகளுக்காக அமைக்கப்பட்டது. மில்லிலிட்டருக்கு 100, 200 பிகோகிராம் என்றால் சரியாகச் சொல்லும். லெட்ரோசோல் போன்ற மாத்திரை எடுப்பவருக்கு எஸ்ட்ரடையால் 2, 3 பிகோகிராமுக்கும் கீழே இருக்க வேண்டும். அவ்வளவு கீழே இந்த முறைக்குக் கண் தெரியாது. லெட்ரோசோல் வகையைச் சேர்ந்த எக்ஸிமெஸ்டேன் எடுத்தாலும், ஈஸ்ட்ரோஜன் ஏற்பியை முடக்கும் ஃபுல்வெஸ்ட்ரன்ட் ஊசி போட்டுக்கொண்டாலும், அந்த மருந்தையே எஸ்ட்ரடையால் என்று தவறாக எண்ணிவிடக்கூடும். அப்படிப்பட்டவர்களுக்கு, மூலக்கூறின் எடையை வைத்து அளக்கும் மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரி முறைதான் சரி. எல்லா ஆய்வகத்திலும் இருக்காது, அனுப்பித்தான் எடுப்பார்கள். கேட்டால் ஏற்பாடு செய்வார்கள். கேட்காவிட்டால் வழக்கமான முறையில்தான் போகும்.

அவளுடைய கணவன்

இதைப் படித்த பிறகு ஒரு சந்தேகம். என் மனைவிக்கு 39. கீமோ முடிந்து லெட்ரோசோல் மட்டும் கொடுத்திருக்கிறார்கள். மாதவிடாய் இல்லை என்பதால்தான் அது. சினைப்பையை அடக்கும் ஊசி எதுவும் இல்லை. இது சரிதானா?

செவிலி நிலா

தம்பி, மருந்தை நீங்களாக நிறுத்த வேண்டாம். ஆனால் இந்த வாரமே மருத்துவரிடம் இந்தக் கேள்வியைக் கேளுங்கள். சொல்கிறேன், ஏன் என்று.

லெட்ரோசோல், அனஸ்ட்ரோசோல், எக்ஸிமெஸ்டேன் மூன்றும் அரோமட்டேஸ் என்ற நொதியைத் தடுப்பவை. மெனோபாஸ் ஆன பெண்ணுக்குக் கொழுப்பு, தசை, தோல் ஆகிய இடங்களில் அட்ரினல் சுரப்பியின் ஆண்ட்ரோஜன்கள் இந்த நொதியால்தான் ஈஸ்ட்ரோஜனாக மாறுகின்றன. அங்கே தடுத்தால் ஈஸ்ட்ரோஜன் அடியோடு குறையும். சினைப்பை உயிரோடு இருக்கும் பெண்ணுக்கு அதைக் கொடுத்தால் நடப்பது வேறு. ஈஸ்ட்ரோஜன் கொஞ்சம் குறைந்ததுமே பிட்யூட்டரி எஃப்எஸ்எச்சை ஏற்றி, உறங்கிக்கொண்டிருந்த சினைப்பையைத் தட்டி எழுப்பும். குழந்தைப்பேறு சிகிச்சையில் கருமுட்டை வளர லெட்ரோசோல் கொடுப்பது இதே காரணத்துக்காகத்தான். ஆக, மார்பகப் புற்றுநோய்க்காகக் கொடுத்த மாத்திரையே ஈஸ்ட்ரோஜனை மறுபடி ஊற வைக்கலாம். மாதவிடாய் வராமலேயே இது நடக்கலாம்.

டமாக்சிஃபென் அப்படியில்லை. அது ஈஸ்ட்ரோஜன் ஏற்பியிலேயே போய் உட்கார்ந்துகொள்கிறது. சினைப்பை வேலை செய்தாலும் செய்யாவிட்டாலும் அதன் வேலை நடக்கும். இளம் பெண்களுக்கு டமாக்சிஃபெனில் ரத்தத்தில் எஸ்ட்ரடையால் பல மடங்கு ஏறுவதுகூட உண்டு, அதைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை. மருதத்துக்கும் சேர்த்துச் சொல்கிறேன்: வியர்வைக்கு டமாக்சிஃபெனே போதுமான காரணம். டமாக்சிஃபென் சிலருக்கு மாதவிடாயையும் நிறுத்தும், எஃப்எஸ்எச்சையும் கொஞ்சம் இறக்கும். அதனால் அந்த மாத்திரையில் இருக்கும்போது எஃப்எஸ்எச் ஒன்றை மட்டும் வைத்து எதையும் சொல்ல முடியாது.

இன்னொன்று, தம்பி. மாதவிடாய் இல்லை என்பதால் கர்ப்பம் தரிக்காது என்று எண்ணிவிடாதீர்கள். ஆணுறை, காப்பர் டி போன்ற ஹார்மோன் இல்லாத முறையையே பயன்படுத்துங்கள்.

தேடல்

நிலா சொல்வதை வழிகாட்டிகளும் சொல்கின்றன. அமெரிக்கப் புற்றுநோய் மையங்களின் கூட்டமைப்பான என்சிசிஎன்னின் வரையறையில், 60 வயதுக்குக் கீழே உள்ளவருக்கு மெனோபாஸ் என்று சொல்ல 12 மாதம் மாதவிடாய் இல்லாமல் இருக்க வேண்டும், அந்த 12 மாதத்தில் கீமோவோ டமாக்சிஃபெனோ சினைப்பையை அடக்கும் ஊசியோ இருந்திருக்கக் கூடாது, எஃப்எஸ்எச்சும் எஸ்ட்ரடையாலும் மெனோபாஸ் அளவில் இருக்க வேண்டும். கீமோவால் நின்றவருக்கு அரோமட்டேஸ் தடுப்பான் கொடுப்பதானால் சினைப்பையை அகற்ற வேண்டும், அல்லது அடக்க வேண்டும், அல்லது திரும்பத் திரும்ப அளந்து பார்க்க வேண்டும். கொரியாவில் நடந்த ஆஸ்ட்ரா ஆய்வில் 45 வயதுக்கு உட்பட்டவர்களைக் கீமோவுக்குப் பிறகு இரண்டு வருடம் விடாமல் அளந்தார்கள். சினைப்பை விழித்தவர்களில் ஒரு பாதிக்கு டமாக்சிஃபெனோடு அடக்கும் ஊசியும் கொடுத்தார்கள். ஐந்தாம் வருடத்தில் நோய் திரும்பாமல் இருந்தவர்கள் ஊசிக் குழுவில் 91.1 சதவீதம், ஊசி இல்லாத குழுவில் 87.5. அளந்து பார்ப்பது வெறும் சம்பிரதாயம் இல்லை என்பதற்கு இது போதும்.

இங்கே ஒரு விவாதத்தையும் எழுப்ப ஆசைப்படுகிறேன். ஈஆர் பாசிட்டிவ் இளம் பெண்களுக்குக் கீமோ தரும் நன்மையில் பெரும்பகுதி, அது சினைப்பையை நிறுத்துவதால்தான் வருகிறது என்று நினைக்கிறேன். 1896இலேயே கிளாஸ்கோவில் பீட்சன் என்ற அறுவை மருத்துவர், சினைப்பையை அகற்றினால் முற்றிய மார்பகப் புற்று சுருங்குவதைக் காட்டிவிட்டார். 2021இல் வெளிவந்த ஆர்எக்ஸ்பாண்டர் ஆய்வைப் பாருங்கள். ஒன்று முதல் மூன்று நிணநீர்க் கணுக்களில் பரவிய, மரபணு மதிப்பெண் (கட்டியின் மரபணுக்களைப் பார்த்து நோய் திரும்பும் அபாயத்தைச் சொல்வது) 25க்கு மேல் போகாத பெண்கள். மெனோபாஸ் ஆனவர்களுக்குக் கீமோவால் பலன் இல்லை. ஆகாதவர்களுக்கு இருந்தது. ஒரே மாதிரிக் கட்டி, ஒரே மாதிரி மதிப்பெண். வித்தியாசம் சினைப்பை மட்டும்தானே?

கொன்றை

> ஈஆர் பாசிட்டிவ் இளம் பெண்களுக்குக் கீமோ தரும் நன்மையில் பெரும்பகுதி...

"பெரும்பகுதி" என்பதை நான் ஏற்கவில்லை. எனக்கு வந்த கட்டிக்கு ஈஸ்ட்ரோஜன் ஏற்பியே கிடையாது. கீமோவில்தான் அது கரைந்தது. கீமோ செல்லைக் கொல்கிறது என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்? உங்கள் வாதத்தைப் படித்துவிட்டு, கீமோ தேவைப்படும் ஒரு பெண் "ஊசி மட்டும் போதும்" என்று முடிவெடுத்தால் என்ன ஆகும்?

தேடல்

நியாயமான கண்டனம். நான் சொன்னது ஈஆர் பாசிட்டிவ், மரபணு மதிப்பெண் குறைந்தவர்களுக்கு மட்டும். மதிப்பெண் கூடியவர்களுக்கும், ட்ரிப்பிள் நெகட்டிவ், ஹெர்2 பாசிட்டிவ் உள்ளவர்களுக்கும் இது பொருந்தாது. மதிப்பெண் குறைந்தவர்களிலும் எவ்வளவு பங்கு என்பது திறந்த கேள்விதான். ஆர்எக்ஸ்பாண்டரில் கீமோ எடுக்காத இளம் பெண்களில் மிகச் சிலருக்குத்தான் சினைப்பையை அடக்கினார்கள். எல்லோருக்கும் அடக்கியிருந்தால் கீமோவின் கூடுதல் பலன் மிஞ்சியிருக்குமா என்பதை அந்த ஆய்வால் சொல்ல முடியாது. அதைத் தெரிந்துகொள்ளவே ஆஃப்செட் என்ற ஆய்வு தொடங்கப்பட்டது: ஒரு குழுவுக்கு அடக்குதலும் ஹார்மோன் மாத்திரையும், இன்னொரு குழுவுக்கு அவற்றோடு கீமோவும். "பெரும்பகுதி" என்பதை "ஒரு பகுதி" என்று மாற்றிக்கொள்கிறேன்.

கொன்றை

சரி, அந்த அளவில் எனக்கும் உடன்பாடு.

இளையவர்கள் யாராவது இதைப் படித்தால் அவர்களுக்காக ஒன்று. எனக்குக் கீமோ தொடங்கும் முன்பே, சினைப்பையைத் தற்காலிகமாக அடக்கும் கோசரலின் ஊசி போடத் தொடங்கி, கீமோ முடியும் வரை நான்கு வாரத்துக்கு ஒரு முறை போட்டார்கள். போயம்ஸ் என்ற ஆய்வில் ஹார்மோன் ஏற்பி இல்லாத கட்டி உள்ளவர்களிடம் சோதித்தபோது, இரண்டு வருடம் கழித்துச் சினைப்பை செயலிழந்தவர்கள் ஊசி போட்டவர்களில் 8 சதவீதம், போடாதவர்களில் 22 சதவீதம். கருமுட்டை சேமிப்புக்கு இது மாற்று இல்லை. சேமிக்க விரும்பினால் கீமோவுக்கு முன் சுமார் இரண்டு வாரம் போதும், அப்போதும் லெட்ரோசோல் சேர்த்துக் கொடுத்து ஈஸ்ட்ரோஜன் ஏறாமல் பார்த்துக்கொள்வார்கள். இதை யாரும் தானாகச் சொல்லாத இடங்கள் உண்டு. கீமோ தேதி குறிக்கும் முன்பே நீங்கள் வாய் திறந்து கேட்க வேண்டும்.

அறுபதைத் தாண்டியவள்

நீங்கள் எல்லோரும் இளையவர்களைப் பற்றியே பேசுகிறீர்கள் பிள்ளைகளா. எனக்கு மெனோபாஸ் ஆகிப் பல வருடம். கீமோவுக்குப் பிறகு எனக்கு ஹார்மோன் என்று எதுவும் மாறுமா? டோசிடாக்செல் கீமோ போட்டு இரண்டு மூன்று நாள் கழித்து உடம்பு அப்படியே ஓய்ந்து படுத்துவிடுகிறது. சர்க்கரையும் ஏறுகிறது.

செவிலி நிலா

அம்மா, உங்கள் ஈஸ்ட்ரோஜன் சினைப்பையிலிருந்து வருவதில்லை. அதனால் கீமோ அதைப் பெரிதாக மாற்றாது. எஸ்ட்ரடையால் பரிசோதனை உங்களுக்குத் தேவைப்படாது.

நீங்கள் சொல்லும் சோர்வுக்குக் கீமோவும் காரணம், அதோடு கொடுக்கும் டெக்ஸாமெத்தசோனும் காரணமாக இருக்கலாம். ஒவ்வாமையும் வாந்தியும் வராமல் இருக்கக் கொடுக்கும் ஸ்டீராய்டு அது. எடுக்கும் நாட்களில் தூக்கம் வராது, சர்க்கரை ஏறும். நிறுத்தியதும் உடம்பு தொய்ந்துவிடும். வெளியிலிருந்து ஸ்டீராய்டு வரும்போது அட்ரினல் சுரப்பி தன் கார்ட்டிசோலைக் குறைத்துக்கொள்வதும் உண்டு, பெரும்பாலும் தானாகச் சரியாகும். அந்த நாட்களின் சர்க்கரை அளவைக் குறித்துவைத்து அடுத்த சுற்றுக்கு முன் காட்டுங்கள், மருந்தை அதற்கேற்ப மாற்றுவார்கள். எழுந்தால் தலைசுற்றல், விடாத வாந்தி, ரத்த அழுத்தம் மிகவும் இறங்குதல் என்றால் காத்திருக்க வேண்டாம், உடனே போய்விடுங்கள்.

ட்ரிப்பிள் நெகட்டிவுக்காகக் கீமோவோடு பெம்ப்ரோலிசுமாப் எடுப்பவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். அந்த இம்யூனோதெரபி தைராய்டு, அட்ரினல், பிட்யூட்டரி எதையும் தாக்கலாம், சில நேரம் நிரந்தரமாக. கீமோச் சோர்வு என்று நினைத்து அதைக் கடந்துவிடக் கூடாது.

அல்லி

இதுவரை படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். கேட்கக் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் கேட்கிறேன். கீமோவுக்குப் பிறகு பெண்ணுறுப்பில் வறட்சி, எரிச்சல். கணவரோடு இருப்பதே வேதனை. யாரிடமும் சொன்னதில்லை. ஈஸ்ட்ரோஜன் க்ரீம் போடலாமா?

செவிலி நிலா

அல்லி, கேட்டது நல்லது. ஈஸ்ட்ரோஜன் திடீரென்று குறைவதால் வருவது இது. எத்தனையோ பேருக்கு இருக்கிறது, சொல்பவர்கள்தான் குறைவு. முதலில் ஹார்மோன் இல்லாத ஈரப்பத ஜெல்லை வாரத்தில் பல முறை தொடர்ந்து போட்டுப் பாருங்கள். உறவின்போது தனியாக லூப்ரிகன்ட். இடுப்புத்தளப் பிசியோதெரபியும் உதவும். இவை போதாவிட்டால் மிகக் குறைந்த அளவு ஈஸ்ட்ரோஜன் க்ரீம் பற்றி உங்கள் புற்றுநோய் மருத்துவரோடு பேசலாம். லெட்ரோசோல் வகை எடுப்பவர்களுக்கு அதில் தயக்கம் அதிகம். கடையில் நீங்களாக வாங்க வேண்டாம்.

உடம்பில் திடீரென்று எழும் வெப்ப அலைக்கு வென்லஃபாக்சின், கபாபென்டின், ஆக்ஸிபியூட்டினின் போன்றவை உண்டு. ஆனால் டமாக்சிஃபென் எடுப்பவர்கள் பராக்சிடின், ஃப்ளூவாக்சிடின் இரண்டையும் தவிர்க்க வேண்டும். டமாக்சிஃபெனை வேலை செய்யும் வடிவத்துக்கு மாற்றும் ஈரல் நொதியை அவை தடுக்கின்றன. வேறொரு மருத்துவர் மன அழுத்தத்துக்கு எழுதிக் கொடுக்கும்போது இது நழுவிப் போவதைப் பார்த்திருக்கிறேன்.

எலும்பையும் மறக்காதீர்கள். கீமோவால் சினைப்பை நின்றவர்களுக்கு முதல் வருடத்திலேயே முதுகெலும்பின் அடர்த்தி வேகமாகக் குறைகிறது, இயல்பான மெனோபாஸைவிட வேகமாக. எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன் ஒன்று எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

மருதம்

பயோட்டினை நிறுத்திவிட்டு மறுபடி எடுத்தாயிற்று. இந்த முறை எஸ்ட்ரடையாலை மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரியில் பார்க்கச் சொன்னேன். முதல் ரிப்போர்ட்டில் இருந்ததைவிட மிகவும் குறைவு, ஆனாலும் 60 பிகோகிராமுக்கு மேல். மெனோபாஸ் அளவு இல்லை. மருத்துவரிடம் எல்லாவற்றையும் காட்டினேன், பொறுமையாகக் கேட்டார். இப்போதைக்கு லெட்ரோசோல் மட்டும் என்ற பேச்சு இல்லை. கோசரலின் ஊசியைத் தொடங்கி, சினைப்பை அடங்கியது உறுதியான பிறகு மாத்திரையை மாற்றலாம் என்கிறார். அதுவரை டமாக்சிஃபென் தொடரும். ஊசி போட்டவுடனே ஹார்மோன் இறங்கிவிடுமா?

சோதனைக்குழாய்

உடனே இறங்காது. முதலில் சில நாள் ஏறும். இந்த ஊசி பிட்யூட்டரியை முதலில் தூண்டிவிட்டுத்தான் பிறகு அடக்கும். இரண்டு முதல் நான்கு வாரத்தில் கீழே வரும். இளம் பெண்களுக்கு அடக்கும் ஊசியோடு மாத்திரை கொடுத்துப் பார்த்த டெக்ஸ்ட் ஆய்வில்கூட எக்ஸிமெஸ்டேனை ஊசி தொடங்கி ஆறு முதல் எட்டு வாரம் கழித்துத்தான் ஆரம்பித்தார்கள். அப்புறமும் அளக்க வேண்டும். கோசரலின் போன்ற டிரிப்டோரலின் ஊசியும் எக்ஸிமெஸ்டேனும் எடுத்தவர்களை அளந்து பார்த்த, சாஃப்ட் என்ற ஆய்வின் துணை ஆய்வில், முதல் 12 மாதத்தில் மூன்றில் ஒருவருக்கு ஒரு முறையாவது எஸ்ட்ரடையால் இருக்க வேண்டிய அளவுக்கு மேலே போயிருந்தது. உடல் எடை கூடியவர்களிடம் அது அதிகம். அடுத்த ஊசி போடுவதற்குச் சற்று முன் ரத்தம் கொடுங்கள், அப்போதுதான் மருந்தின் பிடி தளர்கிறதா என்று தெரியும். ஒவ்வொரு முறையும் அதே ஆய்வகம், அதே முறை.

செவிலி நிலா

ஊசியின் தேதியைத் தள்ளிப் போடாதீர்கள் மருதம். 3.6 மில்லிகிராம் ஊசி என்றால் 28 நாளுக்கு ஒரு முறை. முதல் மாதத்தில் கொஞ்சம் ரத்தப்போக்கு வரலாம், அது அந்த ஆரம்பத் தூண்டலாலும் பிறகு ஹார்மோன் இறங்குவதாலும் வருவது. இரண்டாம் மூன்றாம் ஊசிக்குப் பிறகும் ரத்தம் பட்டால் மட்டும் உடனே சொல்லுங்கள். சினைப்பை அடங்கவில்லையா, அல்லது டமாக்சிஃபெனால் கருப்பை உட்சுவர் தடித்திருக்கிறதா என்று இரண்டையும் பார்க்க வேண்டியிருக்கும்.

அவளுடைய கணவன்

நேற்று மருத்துவரைப் பார்த்தோம். மனைவிக்கு எஃப்எஸ்எச், எல்எச், எஸ்ட்ரடையால் மூன்றும் எழுதிக் கொடுத்திருக்கிறார், ஊசி பற்றியும் பேசினார். ரிப்போர்ட் வந்ததும் இங்கே எழுதுகிறேன்.